அம்மா இறந்த அன்று அழாதவனை எழுதிய ஆல்பெர் காம்யு எப்படிப்பட்ட மனிதர்?

வெயில்காலம் (கேள்வி):

எல்லோருக்கும் வணக்கம். நான் புதுக்கோட்டைப் பக்கம். டைல்ஸ் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். இலக்கியம் எனக்குப் பழக்கமில்லை. கேள்வி தப்பாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாசி மாதம் என் அம்மா காலமானார். விடியற்காலை ஐந்து மணி. அன்று முழுவதும் எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. ஐஸ் பெட்டிக்குச் சொல்ல வேண்டும், பந்தல்காரரைப் பிடிக்க வேண்டும், ஓசூரில் இருக்கும் தங்கை வந்து சேரும்வரை எடுக்கக் கூடாது என்று பெரியப்பாவிடம் மன்றாட வேண்டும். பத்து மணி வாக்கில் தெருமுனைக் கடையில் நின்று ஒரு டீ குடித்தேன். சித்தி அதைப் பார்த்துவிட்டார். கருமாதி அன்று பந்தியில் வைத்தே சொன்னார்: "பெற்றவள் கிடக்கிறாள், இவனுக்கு டீ இறங்கியிருக்கிறது."

நண்பன் ஒருவன் ஆறுதலாக இருக்கும் என்று சொல்லி ஆல்பெர் காம்யுவின் 'அந்நியன்' நாவலைக் கொடுத்தான். வெ. ஸ்ரீராம் பிரெஞ்சிலிருந்து மொழிபெயர்த்தது, க்ரியா பதிப்பு. ஆறுதலா அது? கதாநாயகன் மெர்சோ, அம்மாவின் சவப்பெட்டிக்கு எதிரில் உட்கார்ந்து பால் காபி குடிக்கிறான், சிகரெட் பிடிக்கிறான். அடக்கம் முடிந்த மறுநாள் கடலில் நீந்துகிறான், ஒரு பெண்ணோடு போய்ச் சிரிப்புப் படம் பார்க்கிறான். காபி வந்த பக்கத்திலேயே புத்தகத்தை மூடிவிட்டேன். மூன்று நாள் கழித்துக் கோபத்தோடு படித்து முடித்தேன்.

என் கேள்வி இதுதான். இதை எழுதியவர் எப்படிப்பட்ட மனிதர்? அவருக்கு அவருடைய அம்மாவைப் பிடிக்காதா? இணையத்தில் தேடினால் 'இருத்தலியம்', 'அபத்தவாதம்' என்று ஏதேதோ வருகிறது. தற்கொலையா காபியா என்று அவர் கேட்டதாக ஒரு பொன்மொழியும் வருகிறது. இங்கேயும் காபிதான்!

துல்லியம்:

பொன்மொழியை முதலில் தூக்கி எறியுங்கள். அப்படி ஒரு வாக்கியம் அவர் எழுத்தில் எங்கும் கிடையாது.

இரண்டாவது, இருத்தலியவாதி (வாழ்வுக்கு முன்கூட்டிய பொருள் இல்லை, மனிதனே அதை உருவாக்க வேண்டும் என்பவர்) என்று தன்னைச் சொல்வதை அவரே மறுத்தார். 1945 நவம்பரில் ஒரு பேட்டியில் தெளிவாகவே சொன்னார்: தானும் இருத்தலியத் தத்துவவாதி சார்த்தரும், தங்கள் இருவர் பெயரையும் மற்றவர்கள் சேர்த்து எழுதுவதைப் பார்த்து வியப்பதாக. 1942இல் வந்த 'சிசிஃபஸ் தொன்மம்' என்ற கட்டுரை நூலே இருத்தலியச் சிந்தனையாளர்களோடு போடும் சண்டைதான். அபத்தம் என்று அவர் சொல்வது உலகத்தையும் அல்ல, மனிதனையும் அல்ல. மனிதன் 'ஏன்' என்று கேட்கிறான், உலகம் வாய் திறப்பதில்லை. இந்த இரண்டும் முட்டிக்கொள்ளும் இடத்துக்குத்தான் அந்தப் பெயர். அதற்காகச் சாக வேண்டியதில்லை என்பதுதான் அந்த நூல் வந்து சேரும் முடிவு.

அம்மா விஷயம் எனக்குத் தெரியாது. ஈய எழுத்து ஐயா வந்தால் சொல்வார்.

ஈய எழுத்து:

தம்பி, முதலில் உங்கள் சித்தியை மன்னித்துவிடுங்கள். அவர் தெரியாமலே அந்த நாவலில் வரும் அரசு வழக்கறிஞரின் வேலையைச் செய்திருக்கிறார். கடற்கரையில் ஒரு அரேபியனைச் சுட்டுக் கொன்றதற்காக மெர்சோ மீது நடக்கும் விசாரணைக் காட்சியை மறுபடியும் எடுத்துப் பாருங்கள். முதியோர் இல்லத்துக் காவலாளி சாட்சிக் கூண்டில் ஏறி, இவன் காபி குடித்தான் என்கிறார். காபியைக் கொடுத்ததே நான்தான் என்றும் பாவம் ஒப்புக்கொள்கிறார். வழக்கறிஞர் விடுவாரா? அந்நியர் காபியை நீட்டலாம், பெற்றவளின் உடலுக்கு முன்னால் மகன் அதை மறுத்திருக்க வேண்டும் என்கிறார். கொலை ஒரு பக்கம் கிடக்கிறது. தலை போவது காபிக்காக. 1955இல் அமெரிக்கப் பதிப்புக்கு எழுதிய முன்னுரையில் காம்யு இதையே சொல்கிறார்: நம் சமூகத்தில் அம்மாவின் சவ அடக்கத்தில் அழாதவனுக்கு மரண தண்டனை கிடைக்கும் ஆபத்து உண்டு. அவர் பார்வையில் மெர்சோ செய்த குற்றம், பொய் சொல்ல மறுத்தது. உணராததை உணர்ந்ததாகச் சொல்லவில்லை.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். 1971இல், பதினேழு வயதில், சென்னையில் ஒரு சிறிய அச்சகத்தில் கம்பாசிட்டராக, அதாவது ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோத்துப் பக்கம் அமைப்பவனாகச் சேர்ந்தவன். ஈய எழுத்துகள் உருகிப் போன பிறகு பிழைதிருத்துபவனாக இருந்து ஓய்வு பெற்றேன். பிரெஞ்சு தெரியாது. தமிழிலும் ஆங்கிலத்திலும் படித்ததை வைத்துத்தான் பேசுகிறேன். பேராசிரியர்களைப் போலப் படிக்க வராது. எழுத்து எழுத்தாகப் படிப்பேன். அந்தப் பழக்கத்தில் எனக்கு ஒன்று தட்டுப்பட்டது.

நாவலின் முதல் வரி எல்லோருக்கும் தெரியும். அம்மா இன்று இறந்தாள், நேற்றாகவும் இருக்கலாம், தெரியவில்லை. என்ன ஒரு கல்நெஞ்சம் என்று படிப்பவர்கள் அங்கேயே முடிவு கட்டிவிடுகிறார்கள். அடுத்த வரியைப் பாருங்கள். தந்தி வருகிறது. தாயார் மரணம், அடக்கம் நாளை, இப்படிக்கு என்று முடிந்துவிடுகிறது. இறந்தது எந்த நாள் என்று தந்தியில் இல்லை! இன்றா நேற்றா என்ற குழப்பம் மனதில் இருந்து வந்ததில்லை, தந்தியின் வாசகத்தில் இருந்து வந்தது. எங்கள் தலைமுறைக்குத் தந்தி என்றாலே சாவுதான். சேவகர் சைக்கிளை நிறுத்தினால் பிரிப்பதற்கு முன்பே வீட்டில் அழுகை கிளம்பிவிடும். சொல்லுக்குச் சொல் காசு என்பதால் எல்லாவற்றையும் நறுக்கித்தான் அனுப்புவார்கள். மெர்சோ அந்தத் தந்தியை ஒரு பிழைதிருத்துபவன் படிப்பதுபோலப் படிக்கிறான். தேதி விடுபட்டிருக்கிறது என்று குறிக்கிறான். அவ்வளவுதான் அவன் செய்த பாவம்.

இனி உங்கள் கேள்வி. அம்மாவைப் பிடிக்காதா?

காம்யு பிறந்தது 1913 நவம்பர் 7ஆம் தேதி, அல்ஜீரியாவின் கிழக்கே மோந்தோவி என்ற ஊரில். அப்போது அல்ஜீரியா பிரான்சின் கையில் இருந்தது. அப்பா லூசியன் ஒரு மது வணிக நிறுவனத்தின் திராட்சைப் பண்ணையில் வேலை பார்த்தவர். பிள்ளைக்கு ஒரு வயது நிரம்பவில்லை, முதல் உலகப் போருக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். மார்ன் போரில் அடிபட்டு, 1914 அக்டோபரில் பிரான்சின் சேன்-பிரியே ஊர் மருத்துவமனையில் இறந்தார். உடலில் இருந்து எடுத்த குண்டுச் சிதறலை மருத்துவமனை விதவைக்கு அனுப்பிவைத்தது. அவர் அதைப் பத்திரமாக வைத்திருந்தார்.

அம்மா கத்ரீன், ஸ்பானிய வம்சம். காது சரியாகக் கேட்காது. பேச்சு திக்கித் திணறித்தான் வரும். எழுதப் படிக்கத் தெரியாது. அல்ஜியர்ஸ் நகரில் பெல்கூர் என்ற உழைப்பாளிகள் வட்டாரத்தில், தன் தாயார் வீட்டில் இரண்டு பிள்ளைகளோடு ஒண்டிக்கொண்டு, மற்றவர்கள் வீட்டில் தரை துடைத்துப் பிழைத்தார். வீட்டை ஆண்டது பாட்டி, கையில் சாட்டை. கூட ஒரு தாய்மாமன், பீப்பாய் செய்யும் தொழிலாளி, அவருக்கும் பேச்சு சரியாக வராது. வீட்டில் ஒரு புத்தகம் கிடையாது. பாட்டி தினமும் செருப்பின் அடியைப் புரட்டிப் பார்ப்பாராம், பந்து விளையாடித் தேய்த்திருக்கிறானா என்று. அதனால்தான் பையன் கோல் காப்பாளன் ஆனான், நின்ற இடத்தில் நின்றால் தோல் தேயாது. பிறகு அல்ஜியர்ஸ் பல்கலைக்கழக அணியின் இளையோர் பிரிவிலும் அதே இடத்தில் ஆடினார், பதினேழு வயதில் காசநோய் வந்து படுக்கும்வரை.

லூயி ழெர்மேன் என்ற ஆரம்பப் பள்ளி ஆசிரியர் வீட்டுக்கே வந்து பாட்டியிடம் வாதாடி, உதவித்தொகைத் தேர்வு எழுத வைத்து, உயர்நிலைப் பள்ளிக்கு அனுப்பாவிட்டால் காம்யு என்ற பெயர் நமக்குத் தெரிந்திருக்காது. 1957இல் நோபல் பரிசு அறிவித்த பிறகு அந்த ஆசிரியருக்குக் கடிதம் எழுதினார்: செய்தி கேட்டதும் அம்மாவுக்கு அடுத்து என் நினைவுக்கு வந்தது நீங்கள்தான் என்று. அந்த வரிசையைக் கவனியுங்கள்.

1937இல், இருபத்து மூன்று வயதில், அவர் வெளியிட்ட முதல் நூலிலேயே அம்மா இருக்கிறார். வேலை முடித்து வருவார், வீட்டில் யாரும் இல்லை என்றால் விளக்குக்கூட ஏற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருப்பார். பையன் வாசலில் நின்று அந்த எலும்பும் தோலுமான உருவத்தைப் பார்த்துப் பயப்படுவான். அம்மா ஏன் பேசவில்லை என்று கேட்க அவனுக்கு வழி தெரியாது. கேட்டாலும் அவர் காதில் விழாது. இருபது ஆண்டு கழித்து, உலகமே கொண்டாடிய பிறகு, அதே நூலின் மறுபதிப்புக்கு முன்னுரை எழுதுகிறார். இனி நான் எழுத நினைக்கும் நூலின் நடுவிலும் ஒரு தாயின் வியக்கத்தக்க மௌனத்தைத்தான் வைப்பேன், அந்த மௌனத்துக்கு ஈடான ஒரு நீதியையோ அன்பையோ தேடும் ஒருவனின் முயற்சியை வைப்பேன் என்கிறார்.

பிடிக்காதவர் எழுதுகிற வரியா இது?

'அந்நியன்' முடிந்தது 1940 மே மாதம். பாரிசின் மோன்மார்த்ரில் ஒரு விடுதி அறை. பகலில் ஒரு பெரிய நாளிதழில் பக்கம் கட்டும் வேலை. எழுத்தாளர் கூட்டத்தைவிட அச்சுக்கூடத்து ஆட்களோடு அவருக்கு ஒட்டுதல் அதிகம். அவர் இறந்த பிறகு அச்சுக்கோப்பவர்களும் பிழைதிருத்துபவர்களும் சேர்ந்து அவருக்காகவே ஒரு நினைவு நூல் கொண்டுவந்தார்கள், 1962இல். நோபல் பெற்ற வேறு எவருக்காவது கம்பாசிட்டர்கள் இப்படிச் செய்தார்களா? எனக்குப் பொறாமையாக இருக்கிறது, நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவனாக இருந்திருக்கலாமே என்று.

நாவலின் கடைசி இரண்டு பக்கங்களைக் கோபம் இல்லாமல் ஒருமுறை படியுங்கள். தூக்குமேடைக்குக் காத்திருக்கும் ஓர் இரவு. பிரான்சில் அப்போது கில்லட்டின் என்ற தலைவெட்டும் கருவிதான், பழக்கதோஷத்தில் தூக்கு என்று எழுதிவிட்டேன். வெகு நாளைக்குப் பிறகு மெர்சோவுக்கு அம்மாவின் நினைவு வருகிறது. முதியோர் இல்லத்தில், சாவுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு அவள் ஏன் ஒரு துணையைத் தேடிக்கொண்டாள் என்பது அவனுக்குப் புரிகிறது. அவளுக்காக அழ யாருக்கும் உரிமை இல்லை என்கிறான். யாருக்கும் என்பதை இரண்டு முறை சொல்கிறான்.

கரிசல் நிலா:

ஐயா அழகாக எழுதியிருக்கிறார். ஆனால் அம்மாவைப் பற்றி இவ்வளவு உருகுகிறோமே, கடற்கரையில் சுடப்பட்டவனுக்கும் ஒரு அம்மா இருந்திருப்பாள் இல்லையா? அவனுக்கு நாவலில் பெயரே கிடையாது. 'அரேபியன்', அவ்வளவுதான். ஒரு குண்டு, கொஞ்சம் நிறுத்தி இன்னும் நான்கு. வழக்கு நடக்கிறது, அவன் வீட்டார் ஒருவரும் சாட்சிக்கு வரவில்லை. காம்யுவின் 'கொள்ளைநோய்' நாவல் நடப்பது அல்ஜீரியாவின் ஓரான் நகரில். அங்கேயும் அரேபியர் பேசுவதைத் தேடிப் பிடிக்க வேண்டும். சொந்த மண்ணின் பெரும்பான்மை மக்களைக் காம்யு பார்க்கவில்லை என்று பாலஸ்தீன விமர்சகர் எட்வர்ட் செய்த் கடுமையாகவே எழுதினார். 2013இல் அல்ஜீரிய எழுத்தாளர் கமால் தாவூத், செத்தவனின் தம்பி பேசுவதாக ஒரு நாவல் எழுதி, அவனுக்கு மூசா என்று பெயர் வைத்தார். அதுவும் அம்மாவில்தான் தொடங்குகிறது. அங்கே அம்மா இன்னும் உயிரோடு இருக்கிறாள்.

நோபல் வாங்கிய கையோடு, நீதியைவிட என் அம்மாதான் எனக்குப் பெரிது என்று சொன்னவர் இவர். விடுதலைக்காகப் போராடிக்கொண்டிருந்த அல்ஜீரிய மக்களிடம் சொல்லும் பேச்சா அது?

ஈய எழுத்து:

பெயர் விஷயத்தில் உங்களோடு சண்டை போட மாட்டேன், அம்மா. அந்தக் குறை இருக்கிறது. மெர்சோவின் கண் வழியாகச் சொல்லும் கதை, அந்தக் கண்ணுக்குத் தெரிந்தது அவ்வளவுதான் என்று சமாதானம் சொல்லலாம். எனக்கே அது முழுதாகத் திருப்தி தரவில்லை.

ஆனால் அவர் பார்க்கவே இல்லை என்பது சரியில்லை. 1939 ஜூன் மாதம், அல்ஜீரியாவில் வெளிவந்த ஒரு சிறிய நாளிதழுக்காகக் மண்ணின் மக்கள் வாழும் கபிலியா மலைப்பகுதிக்குப் போய்ப் பதினொரு கட்டுரைகள் எழுதினார். கந்தலுடுத்திய பிள்ளைகள் குப்பைத்தொட்டிக்காக நாய்களோடு போட்டி போடுவதைப் பார்த்ததாக எழுதினார். கூலி எவ்வளவு, தானியம் எத்தனை கிலோ, பள்ளிக்கூடம் எத்தனை மைலில் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். அடுத்த ஆண்டு தொடக்கத்தில், அதே குழு நடத்திய மாலை இதழைத் தணிக்கைக்காரர்கள் மூடினார்கள், அவருக்கு அங்கே வேலை கிடைக்காமல் போயிற்று. பாரிசுக்குக் கிளம்பியது அதனால்தான்.

இப்போது அந்த அம்மா வாக்கியம். இதில் என் தொழில் சம்பந்தப்பட்டிருக்கிறது, அதனால் நீட்டுவேன்.

1957 டிசம்பர், ஸ்டாக்ஹோம். மாணவர்களோடு ஒரு சந்திப்பு. ஓர் அல்ஜீரிய இளைஞர் எழுந்து அவரை மடக்கிக் கேட்கிறார். காம்யு பதில் சொல்கிறார். பாரிசின் 'லெ மோந்த்' நாளிதழில் வந்த வடிவத்தில் அது, நீதியை நம்புகிறேன், ஆனால் நீதிக்கு முன்னால் என் அம்மாவைக் காப்பேன் என்று இருக்கிறது. அங்கே கூட இருந்தவர், அவரை ஸ்வீடிஷில் மொழிபெயர்த்த பியூர்ஸ்ட்ரோம். அவர் பின்னாளில் நினைவுகூர்ந்த வடிவம் வேறு: அல்ஜியர்ஸ் டிராம்களில் இப்போது குண்டு வைக்கிறார்கள், என் அம்மா அந்த டிராம் ஒன்றில் இருக்கலாம், அதுதான் நீதி என்றால் எனக்கு அம்மாவே போதும்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 'அதுதான் நீதி என்றால்' என்ற மூன்று சொல் முதல் வடிவத்தில் இல்லை. டிராமும் இல்லை. டிராம் இருந்தால் அது ஒரு கிழவியைப் பற்றிய கவலை. டிராமை எடுத்துவிட்டால் அது ஒரு கொள்கைப் பிரகடனம். ஒரு நாளிதழில் இப்படி எத்தனை டிராம்கள் விழுந்து போயிருக்கின்றன என்று எனக்குத் தெரியும். பத்தியில் இடம் போதாது, கத்தரிப்போம், காலையில் ஒருவர் வாழ்க்கை மாறியிருக்கும்.

அந்த அம்மா அப்போதும் பெல்கூரில்தான் இருந்தார். மகன் பாரிசுக்கு அழைத்தாலும் தங்க மாட்டார். அதற்கு முந்தைய ஆண்டு, 1956 ஜனவரி 22இல், அல்ஜியர்சில் கூட்டம் போட்டு, இரு தரப்பும் போரிடுங்கள், பொதுமக்களை மட்டும் விட்டுவிடுங்கள் என்று காம்யு கெஞ்சினார். வெளியே நின்ற பிரெஞ்சுக் குடியேறிகள் அவரைக் கொல்லச் சொல்லிக் கூச்சலிட்டார்கள். இரு பக்கமும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு பொதுவில் அல்ஜீரியாவைப் பற்றி ஏறக்குறைய வாயை மூடிக்கொண்டார். முழு விடுதலையை அவர் ஏற்கவில்லை என்பதும் உண்மை. ஏதோ ஒரு கூட்டாட்சியை நம்பினார். அதில் அவர் தவறிவிட்டார் என்றுதான் நானும் நினைக்கிறேன்.

சார்த்தரோடு 1952இல் நடந்த சண்டையைப் பற்றி யாராவது கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: அது எனக்கு அலுப்பு. இரண்டு பெரியவர்கள் ஒரு பத்திரிகையில் பக்கம் பக்கமாக முறைத்துக்கொண்டார்கள்.

இரவுப்பணி:

நான் செவிலியர். ஓர் அரசு மருத்துவமனையில் 2020இலும் 2021இலும் தொற்று வார்டில் இருந்தேன். அப்போது எல்லோரும் 'கொள்ளைநோய்' படி என்றார்கள். எனக்குத் தூங்கவே நேரமில்லை, பிறகுதான் படித்தேன். எலிகள் செத்து விழுவது, ஊர்க் கதவை அடைப்பது, புள்ளிவிவரம் படிப்பது எல்லாம் எல்லோரும் பேசுவதுதான். என்னை நிறுத்தியது வேறு.

மருத்துவர் ரியே வீட்டுக்கு அவருடைய அம்மா வந்து தங்குகிறார். மகன் நடுராத்திரிக்குமேல் வருவான், இரண்டு வாக்கியம் பேசுவான், போய்விடுவான். அந்த அம்மா எதுவும் கேட்பதில்லை. சாயங்காலம் ஜன்னலோரம் கையை மடியில் வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார், இருட்டில் கரைந்து போகும்வரை. ஈய எழுத்து ஐயா சொன்ன அதே நாற்காலி என்று இன்றுதான் தெரிகிறது. வார்டில் இருந்து வந்து குளித்துவிட்டு நான் தனி அறையில் படுத்துக்கொள்வேன். அம்மா கதவுக்கு வெளியே தட்டை வைத்துவிட்டு, தட்டாமல், சற்று நேரம் நின்றுவிட்டுப் போவார். கொலுசுச் சத்தத்தில் தெரியும்.

இன்னொன்று, மருத்துவராக வீரம் காட்டுவதைப் பற்றி ரியே பேசுவதே இல்லை. என் வேலையைச் செய்கிறேன், அதுதான் நேர்மை என்கிறார். கைதட்டி விளக்கேற்றிய நாட்களில் எங்களுக்கு யாராவது அதைப் படித்துக் காட்டியிருக்கலாம். எழுதியவரே காசநோயாளி, நுரையீரலைச் சுற்றி ஊசி வழியாகக் காற்றடைக்கும் சிகிச்சையை ஆண்டுக்கணக்கில் வாங்கியவர் என்பதால் மூச்சுத்திணறல் அந்த நாவலில் பொய்யாக இல்லை.

வெயில்காலம் அண்ணா, சாவு வீட்டில் அழாதவர்களை நாங்கள் நிறையப் பார்க்கிறோம். பெரும்பாலும் ஆம்புலன்ஸுக்குப் பேரம் பேசுகிறவர்கள் அவர்கள்தான்.

வெயில்காலம்:

எல்லோருக்கும் நன்றி. கடைசி இரண்டு பக்கங்களை நேற்றுக் கடை மூடிய பிறகு அங்கேயே உட்கார்ந்து படித்தேன். யாருக்கும் உரிமை இல்லை என்ற இடத்துக்கு வந்தபோது ஷட்டரை முழுதாக இறக்கிவிட்டேன், அதற்குமேல் இங்கே எழுத வேண்டாம்.

ஈய எழுத்து ஐயா, அம்மாவின் மௌனத்தை நடுவில் வைத்து எழுதப் போவதாகச் சொன்னாரே, அந்தப் புத்தகத்தை எழுதினாரா?

ஈய எழுத்து:

எழுதிக்கொண்டிருந்தார், தம்பி.

நோபல் பணத்தில் தெற்கு பிரான்சில், லூர்மரேன் என்ற ஊரில் ஒரு வீடு வாங்கினார். அங்கே இருந்துதான் எழுதினார். 1960 ஜனவரி தொடக்கத்தில் பாரிசுக்குத் திரும்ப வேண்டும். ரயில் டிக்கெட் வாங்கியாகிவிட்டது. பதிப்பாளர் குடும்பத்து நண்பர் மிஷெல் கலிமார், காரில் வாருங்கள் என்றார். ஜனவரி 4ஆம் தேதி, வில்பிளவேன் என்ற ஊருக்குப் பக்கத்தில் கார் சாலையோர மரத்தில் மோதியது. காம்யு அங்கேயே இறந்தார். வயது 46. கலிமார் சில நாளில் இறந்தார். பின்னிருக்கையில் இருந்த அவர் மனைவியும் மகளும் பிழைத்தார்கள். காம்யுவின் சட்டைப்பையில் அந்த ரயில் டிக்கெட் பயன்படுத்தாமல் இருந்தது. கைப்பெட்டியில் அந்தப் புத்தகத்தின் 144 பக்கக் கையெழுத்துப் பிரதி இருந்தது.

அம்மா அதே ஆண்டு செப்டம்பரில் அல்ஜியர்சில் இறந்தார். அம்மா இறந்தாள் என்று தொடங்கும் நாவலை எழுதியவர், அம்மாவுக்கு முன்னால் போய்விட்டார்.

அந்தப் பிரதியை வெளியிட வேண்டாம் என்று அப்போது முடிவு செய்தார்கள். முதலில் மனைவி பிரான்சீன் தட்டச்சு செய்துவைத்தார். பல ஆண்டு கழித்து மகள் கத்ரீன் மறுபடி மூலத்தோடு ஒப்பிட்டு, 1994இல் புத்தகமாக வந்தது. பாட்டி பெயர்தான் பேத்திக்கு. தமிழில் 'முதல் மனிதன்' என்று வெ. ஸ்ரீராம் மொழிபெயர்ப்பிலேயே இருக்கிறது. வாங்கிப் படியுங்கள். முதல் பக்கத்தில், இந்தப் புத்தகத்தை ஒருபோதும் படிக்க முடியாத உனக்கு என்று ஒரு சமர்ப்பணம் இருக்கும். யாருக்கு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நாற்பது வயதான மகன், பார்த்தறியாத அப்பாவின் கல்லறையைத் தேடி சேன்-பிரியேவுக்குப் போகும் இடம் ஒன்று வரும். கல்லில் இருக்கும் ஆண்டுகளைக் கழித்துப் பார்க்கிறான். உள்ளே படுத்திருப்பவருக்கு வயது இருபத்தொன்பது. அப்பா தன்னைவிடச் சின்னப் பையன். நான் அந்தப் பக்கத்தில் இருந்து நகர ஒரு வாரம் ஆயிற்று.

ஆனால் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது பிழைகளைப் பற்றி. அது திருத்தாத பிரதி. வேகவேகமாக எழுதியது, பல இடத்தில் காற்புள்ளியோ முற்றுப்புள்ளியோ இல்லை, சில சொற்களைப் படிக்கவே முடியவில்லை என்று பதிப்பில் குறித்திருக்கிறார்கள். நாவல் என்பதால் எல்லோருக்கும் பெயரை மாற்றியிருக்கிறார். அம்மாவுக்கு முதல் அத்தியாயத்தில் லூசி என்று பெயர். போகப் போக அது கத்ரீன் ஆகிவிடுகிறது, அவருடைய அம்மாவின் உண்மைப் பெயர். ஆசிரியருக்குப் பெர்னார் என்று வைத்தவர், ஓரிடத்தில் கை தவறி ழெர்மேன் என்று எழுதிவிடுகிறார்.

நாற்பது ஆண்டு அச்சுத் தொழிலில் இருந்தவன் நான். பெயர் மாறியிருந்தால் சிவப்பு மையில் வட்டமிட்டுத்தான் பழக்கம். அந்த இரண்டு இடத்திலும் பேனாவை எடுக்க மாட்டேன்.

வெயில்காலம்:

ஐயா, நீங்கள் கடைசியில் சொன்னதைப் படித்துவிட்டுப் பரணில் இருந்த தகரப்பெட்டியை இறக்கினேன். என் பள்ளிக்கூட மதிப்பெண் அட்டைகள் எல்லாவற்றையும் அம்மா வைத்திருந்தார்.

ஒன்றாம் வகுப்பு அட்டையில் பெற்றோர் கையொப்பம் என்ற இடத்தில் கைநாட்டு. நீல மை, மூன்று பருவத்துக்கும். எங்கள் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் வந்த சமயம் அது. ராத்திரி வகுப்புக்கு அம்மா லாந்தரோடு போவார். அதற்கடுத்த ஆண்டில் இருந்து கையெழுத்து. 'வள்ளியம்மாள' என்று இருக்கிறது. கடைசி எழுத்தின் மேல் புள்ளி இல்லை. எட்டாம் வகுப்பு வரை எல்லா அட்டையிலும் அப்படியே. நான் ஒருமுறைகூடக் கவனித்ததில்லை.

சித்தியும் அதே வகுப்பில் படித்தவர்தான், சிட்டாளு வேலைக்குப் போய்வந்த கையோடு. மாலை அவர் வீட்டுக்கு அட்டைகளை எடுத்துக்கொண்டு போனேன். வெகு நேரம் பார்த்தார். பிறகு உள்ளே போய்த் தன் கூட்டுறவுச் சங்கப் பாஸ்புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினார். அவர் பெயர் மீனாள். அதிலும் புள்ளி இல்லை.

"எனக்கு எழுதிக் காட்டினது உன் அம்மாதானே" என்றார்.

'முதல் மனிதன்' கேட்டுத் திருச்சியில் ஒரு புத்தகக் கடைக்குச் சொல்லியிருக்கிறேன். வியாழக்கிழமை வந்துவிடும் என்றார்கள்.